கடைசி வரியிலிருந்து படிக்கிறவன்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் சண்டைக்கு வந்தாயே, "அவனுக்கு என்னப்பா சொல்லிக் கொடுத்தீங்க, எந்த அட்ரஸைப் பார்த்தாலும் கடைசியிலேர்ந்து படிக்கிறான்" என்று. புனேயில் சிக்னல் விட்டு விட்டு வந்ததில் என் பதில் பாதிதான் உனக்குக் கேட்டிருக்கும். மீதி இதோ.

மே மாதம் உன் பிள்ளை இங்கே இருந்தபோது உன் அம்மா போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. பார்சல் வந்திருக்கிறதாம், முகவரி முழுமையாக இல்லாததால் கிடங்கில் கிடக்கிறதாம், 24 மணி நேரத்துக்குள் கீழே உள்ள லிங்க்கில் போய்த் திருத்த வேண்டுமாம். அனுப்பியது அஞ்சல் துறையாம். 36 வருஷம் ஆர்.எம்.எஸ்ஸில், ரயில்வே தபால் பிரிவில், தபால் பிரித்தவன் வீட்டு முகவரி முழுமையாக இல்லையாம்! உன் அம்மா அழுத்தப் போய்விட்டாள். உன் பிள்ளை எட்டிப் பார்த்து, "இந்தியாபோஸ்ட்னுதானே போட்டிருக்கு பாட்டி, சரியாத்தான் இருக்கு" என்று சர்ட்டிபிகேட் வேறு கொடுத்தான். போனைப் பிடுங்கி வைத்தேன். ஒன்பது வயசில் என் போனில் எனக்கே தெரியாததெல்லாம் காட்டுகிறான், ஒரு முகவரியைப் படிக்கத் தெரியவில்லை.

டிரங்குப் பெட்டியைத் திறந்து, நீ ஹாஸ்டலிலிருந்து போட்ட இன்லண்ட் லெட்டர் ஒன்றை எடுத்தேன். மேல் வரிகளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, இது எங்கே போகணும் சொல் என்றேன். "பேரையே மறைச்சிட்டீங்களே தாத்தா" என்றான். பேர் எனக்கு எதற்கு? பிரிக்க உட்கார்ந்தவன் எவனும் பேரைப் பார்க்க மாட்டான். அடியில் 560008 இருக்கிறதே, அது போதும். முதல் எழுத்து 5 என்றால் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா பக்கம். 560 என்றால் பெங்களூரு. கடைசி மூன்று எழுத்து எந்தத் தபாலாபீஸ் என்று சொல்லிவிடும். தெருவும் கதவு எண்ணும் அதற்கப்புறம். ஆள் பேர் போஸ்ட்மேன் வாசலில் நின்று படிக்க வேண்டியது. இந்தப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. அதே ஆகஸ்ட் 15இல்தான், 1995இல், நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டும் வந்தது. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

பெங்களூரில் வளர்ந்த உனக்குத் தெரியும். 7வது கிராஸ் எங்கே என்று ஆட்டோக்காரரைக் கேட்டால் முறைப்பார். மல்லேஸ்வரத்திலும் உண்டு, ஜெயநகரிலும் உண்டு. பேட்டை தெரியாமல் கிராஸ் தெரிந்து என்ன பயன்?

இணைய முகவரியும் இதே கதைதான். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிடு. (இந்த வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீயே அது தேவையில்லாமல் போட்டது என்று 2009இல் ஒத்துக்கொண்டார்.) அதற்கப்புறம் வரும் முதல் சாய்கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். அஞ்சல் துறையின் உண்மையான முகவரி இந்தியாபோஸ்ட் டாட் ஜிஓவி டாட் இன். பின்னாலிருந்து வா: இன், இந்தியா. ஜிஓவி, அரசாங்கம், அந்தப் பேட்டையில் அரசாங்கத்தைத் தவிர யாருக்கும் மனை கிடையாது. அப்புறம்தான் இந்தியாபோஸ்ட். மெசேஜில் வந்ததோ இந்தியாபோஸ்ட் என்று தொடங்கி, ஒரு புள்ளி, நாலைந்து எழுத்துக் குழப்பம், கடைசியில் டாட் டாப். அதாவது யாரோ ஒருவன் தன் வீட்டுத் திண்ணையில் தபாலாபீஸ் போர்டு மாட்டி வைத்திருக்கிறான். சாய்கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பதெல்லாம் வீட்டுக்குள்ளே எந்த அறை, எந்த அலமாரி என்பது. அதை இடமிருந்து வலமாகப் படிக்கலாம். உன் பிள்ளைக்கு இதைப் பிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே கடை போர்டு, மளிகைப் பை என்று கண்ணில் பட்ட இணைய முகவரியையெல்லாம் பின்னாலிருந்து படித்துப் பாட்டியைப் படுத்திவிட்டான்.

லிங்க் என்றால் என்ன என்று கேட்டான். தமிழில் சுட்டி என்கிறார்கள் என்றேன். "அது என்னைத்தானே சொல்வீங்க" என்றான். அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து. அந்த வீடு, இந்த வீடு என்று காட்டுகிற விரல். நீல எழுத்தும் அப்படி ஒரு விரல்தான். ஆனால் வாய் ஒன்று சொல்லி விரல் வேறு பக்கம் காட்டலாம். மேலே பேங்க் பெயர் எழுதி, அடியில் எந்தத் திருடன் முகவரியை வேண்டுமானாலும் செருகலாம். அதனால் போனில் தட்டாமல் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். முழு முகவரியும் தெரியும். சந்தேகம் இருந்தால் அதையும் செய்யாமல் பெரியவர்களைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

பூட்டுப் படம் இருந்தால் நல்லதுதானே என்றும் கேட்டான். அரக்கு சீல் வைத்த கவரை வழியில் யாரும் பிரிக்கவில்லை என்றுதான் அர்த்தம், வாங்குகிறவன் யோக்கியன் என்று யார் சொன்னது?

அடுத்து, "லிங்க்கைத் தொட்டா நாம அங்க போயிடறோமா?" என்றான். போவதில்லை. இங்கிருந்து ஒரு ரிப்ளை கார்டு போகிறது, இந்தப் பக்கத்தின் நகல் ஒன்று அனுப்பு என்று. நகல் வருகிறது. முகவரியிலுள்ள பெயரைப் பார்த்து அந்தக் கம்ப்யூட்டரின் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுக்க நடுவிலே எங்களை மாதிரி ஆட்கள், இயந்திர வடிவில். சில சமயம் வீடு இருக்கும், கேட்ட தாள் இருக்காது. அப்போது 404 என்று பதில் வரும். போஸ்ட்மேன் 'ஆள் இல்லை' என்று எழுதித் திருப்பிக் கொண்டுவருவான் பார், அது. வீடு மாறும்போது தபாலாபீஸில் புது முகவரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, சொல்லாமல் போகிறவர்களும் உண்டு. வலையிலும் இரண்டு ஜாதியும் இருக்கிறது.

இவ்வளவுதான் நான் சொன்னது. தப்பாக ஒன்றும் இல்லையே?

ஆனால் நேற்று நம் தெருவுக்கு வரும் போஸ்ட்மேன் ஒரு கவரை நீட்டி, "சார், இது உங்க வேலைதானே" என்று சிரித்தார். கவரில் முதல் வரி 560008. அடுத்தது பெங்களூரு. அதற்குக் கீழே அல்சூர், தெரு, கதவு எண். கடைசி வரியில், கொட்டை எழுத்தில், தாத்தா. வந்து சேர்ந்துவிட்டது பார். பிரித்தால் உள்ளே ஒன்றும் இல்லை. எழுதிய தாளை மேஜையிலேயே விட்டிருப்பான், தேடி அனுப்பு.

அன்புடன்,
அப்பா