டேட்டாபேஸ் புராஜெக்ட்டை கடைசி மாசத்துக்கு தள்ளாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன். போன செமஸ்டர்ல டேட்டாபேஸ் (தகவலை டேபிள் டேபிளா கம்ப்யூட்டர்ல சேத்து வெக்கறது) பாடத்துக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு டீம் புராஜெக்ட் பண்ணோம். அதுல கத்துக்கிட்டதையும், இன்னும் கத்துக்க முடியாம போனதையும் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. பாடம் நடத்துறவங்க, சிலபஸ் போடுறவங்க எல்லாரும் உங்க பேப்பரை படிப்பாங்கங்கற நம்பிக்கையில எழுதறேன்.

நாங்க எடுத்தது டிபார்ட்மென்ட் லைப்ரரிக்கு ஒரு சாஃப்ட்வேர். புக் எடுக்கறது, திருப்பி கொடுக்கறது, எது யார்கிட்ட இருக்குன்னு பாக்கறது, அவ்வளவுதான். முதல் நாள் எல்லாத்தையும் ஒரே டேபிள்ல போட்டோம், புக் பேரு, எழுதினவர் பேரு, எடுத்தவர் பேரு, அவரோட போன் நம்பர், தேதி எல்லாம் ஒரே வரியில. நாங்களே அடிச்ச பத்து புக்கை வெச்சு பாத்தப்ப அருமையா ஓடுச்சு. அப்புறம் லைப்ரரியில இருந்த பழைய எக்செல் ஷீட்டை வாங்கி உள்ள ஏத்தினோம், அங்கதான் எல்லாம் பல்லிளிச்சுது. ஒரே எழுத்தாளர் பேரு மூணு விதமா இருக்கு. ரெண்டு பேர் சேர்ந்து எழுதின புக்குன்னா ரெண்டு பேரையும் கமா போட்டு ஒரே கட்டத்துல அடைச்சிருக்கு, அதனால ஒருத்தர் எழுதின புக் எல்லாம் காட்டுன்னு குவெரி, அதாவது டேட்டாபேஸ்கிட்ட கேள்வி போட்டா பாதிதான் வருது. போன் நம்பரை நாங்க எண்ணா வெச்சிருந்தோம், முன்னாடி இருந்த சைபர் எல்லாம் காணோம். இதையெல்லாம் விட பெரிசு ஒண்ணு நடந்துச்சு, புக்கை திருப்பி கொடுத்ததும் அந்த வரியை டெலீட் பண்ற மாதிரி எழுதியிருந்தோம், வரி போனதும் அப்படி ஒரு புக் லைப்ரரியில இருந்ததுக்கே தடயம் இல்லாம போயிடுச்சு.

இதுக்கு பேரு டெலீஷன் அனாமலி, ஒண்ணை அழிக்கப்போய் வேண்டிய தகவலும் சேந்து அழிஞ்சு போறது. ரெண்டு மாசம் முன்னாடி இன்டர்னல் டெஸ்ட்ல இதுக்கு நாங்க நாலு பேருமே முழு மார்க் வாங்கியிருந்தோம், ஆனா கண்ணு முன்னாடி நடந்தப்ப ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல. ஐபிஎம்ல இருந்த எட்கர் காட் ரிலேஷனல் மாடலை, அதாவது தகவலை டேபிள்களா வெக்கற முறையை 1970ல எழுதினாரு, பீட்டர் சென் எது எதோட எப்படி சேருதுன்னு படமா வரையற ஈஆர் மாடலை 1976ல கொடுத்தாரு, இதெல்லாம் வருஷத்தோட மனப்பாடம். அவங்க எந்த வலிக்கு அந்த மருந்தை கண்டுபிடிச்சாங்கங்கறது அன்னிக்குத்தான் புரிஞ்சுது, அதுக்கப்புறம் நார்மலைசேஷனை, அதாவது ஒரே தகவல் திரும்ப திரும்ப வராம டேபிளை பிரிக்கறதை எங்களுக்கு யாரும் திரும்ப சொல்லித்தர தேவைப்படல.

டேபிளை பிரிக்க உக்காந்தோம், அடுத்த சண்டை ஆரம்பிச்சுது. ‘புக்’னா என்ன? ஒரே தலைப்புல அஞ்சு காப்பி இருந்தா அது ஒரு புக்கா அஞ்சு புக்கா? ஒரு வாரமா ரெண்டு பேர் தலைப்பை மனசுல வெச்சும் மத்த ரெண்டு பேர் காப்பியை மனசுல வெச்சும் புரோகிராம் எழுதியிருக்கோம், ஒருத்தருக்கொருத்தர் தெரியவே இல்ல. நாலு பேரும் சொன்ன வார்த்தை ஒண்ணுதான், நினைச்சது வேற வேற. ராத்திரி வரைக்கும் போர்டுல அழிச்சு அழிச்சு வரைஞ்சும் முடிவு வரல. மறுநாள் லைப்ரரியன் மேடம்கிட்ட போய் கேட்டோம், அவங்க ரெஜிஸ்டரை திருப்பி, "ஏம்பா, ஒவ்வொரு காப்பிக்கும் தனித்தனியா அக்சஷன் நம்பர் போட்டிருக்கே, இதை பாக்கலையா?"ன்னாங்க. பாத்தோம், ஏதோ வேண்டாத நம்பர்னு நினைச்சு எக்செல்லை ஏத்தறப்ப அந்த நம்பர் இருந்த பத்தியையே (column) தூக்கிட்டோம். நாங்க தேடின பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனியா அடையாளம் காட்டற நம்பர் அதுதான். தலைப்புக்கு ஒரு டேபிள், காப்பிக்கு ஒண்ணு, எழுத்தாளருக்கு ஒண்ணு, எந்த தலைப்பை யார் யார் எழுதினாங்கன்னு நடுவுல ஒரு டேபிள், வாசகர், கடன்னு பிரிச்சதும் பாதி பிரச்சனை தானா அடங்கிடுச்சு. இதை நான் தனியா பண்ணியிருந்தா இந்த சண்டையே வந்திருக்காது, என் மனசுல இருக்கிற அர்த்தம்தான் எல்லாருக்கும்னு நினைச்சு போயிருப்பேன். டீம் புராஜெக்ட் வேணும்னு நான் அடிச்சு சொல்றது இதுக்காகத்தான்.

இன்னொண்ணு, கடைசி காப்பியை ரெண்டு லேப்டாப்ல இருந்து ஒரே நேரத்துல எடுத்து பாத்தோம், ரெண்டு பேருக்கும் ‘வழங்கப்பட்டது’ன்னு வந்துச்சு. டிரான்சாக்ஷன் (பல வேலையை ஒரே வேலையா முழுசா முடிக்கறது), லாக் (ஒருத்தர் மாத்தறப்ப இன்னொருத்தர் மாத்தாம பூட்டறது) எல்லாம் எதுக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது. அதே வாரம் டீம்ல ஒருத்தர் எந்த வரியை மட்டும் மாத்தணும்னு சொல்ற ‘வேர்’ (WHERE) கண்டிஷன் இல்லாம அப்டேட் ஓட்டிட்டாரு, எல்லா கடனுக்கும் ஒரே தேதி விழுந்துடுச்சு. பேக்அப் எடுத்து வெச்சிருந்தோம், ஆனா அதை திரும்ப ஏத்தி பாத்தவங்க எங்கள்ல ஒருத்தரும் இல்ல, அன்னிக்குத்தான் முதல் தடவை கை நடுங்க ஏத்தினோம்.

இவ்வளவும் நடந்தது கடைசி மூணு வாரத்துல. எங்க காலேஜ்ல புராஜெக்ட்டை செமஸ்டர் முடியப்போற நேரத்துலதான் அறிவிச்சாங்க, தப்பு எங்கன்னு புரியறப்ப சப்மிஷன் தேதி வந்துடுச்சு. வைவாங்கற வாய்மொழித் தேர்வுல லாகின் பேஜையும் ஸ்க்ரீன் கலரையும் பத்தி கேட்டாங்க, இந்த டேபிளை ஏன் பிரிச்சீங்கன்னு ஒரு கேள்வி கூட வரல. பக்கத்து டீம்ல ஒரே பொண்ணு முழுசையும் பண்ணுச்சு, மத்தவங்க பேரு மட்டும் இருந்துச்சு, நாலு பேருக்கும் ஒரே மார்க். அந்த பொண்ணு உழைச்சது வீண்னு சொல்ல மாட்டேன், ஆனா மத்த மூணு பேருக்கு அந்த பாடம் கிடைக்காமலே போச்சேன்னு வருத்தமா இருக்கு.

பாடம் நடத்துறவங்ககிட்ட தயவுசெஞ்சு கேக்கறேன், புராஜெக்ட்டை முதல் வாரத்துலயே கொடுங்க. சுத்தம் பண்ணாத நெஜ டேட்டாவை கொடுங்க, அதுல ஆளுங்க பேரு, போன் நம்பர் இருந்தா மட்டும் மாத்திட்டு கொடுங்க. பாதி செமஸ்டர்ல தேவையை ஒரு தடவை மாத்துங்க, உதாரணத்துக்கு இனிமே புக்கை முன்பதிவும் பண்ணணும்னு சொல்லுங்க, டிசைன் தாங்குதா இல்லையான்னு அப்ப தெரிஞ்சுடும். வைவால ஒருத்தர் போட்ட டேபிளை இன்னொருத்தர் விளக்கட்டும். முதல்ல போட்ட தப்பு டிசைனையும் சேத்து கொடுக்க சொல்லி, ஏன் மாத்தினோம்னு எழுதுறதுக்கு மார்க் போடுங்க. அத்தனை டீமையும் ஒரு ஆளா பாக்கறது கஷ்டம்தான், எனக்கு புரியுது, ஆனா ஒரு டீம் வரைஞ்சதை இன்னொரு டீம் பாத்து கேள்வி கேட்டாலே பாதி வேலை முடிஞ்சுடும், நீங்க மீதியை பாத்தா போதும்.

எங்களோட அந்த ஒரே டேபிள் ஃபைலை நாங்க அழிக்கல. இந்த வருஷம் ஜூனியர்ஸ் நாலஞ்சு பேர் வந்து வாங்கிட்டு போயிருக்காங்க, ஆனா அவங்களுக்கும் இன்னும் புராஜெக்ட் அறிவிக்கல.

இப்படிக்கு,
கடைசி வருஷ கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி