இணைய இதழ்களின் ஆசிரியர்களுக்கு: படத்தையும் செப்பனிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒரு கட்டுரை கைக்கு வந்தால் ஒற்று மிகுமா மிகாதா என்பது வரை பார்த்துத் திருத்தும் நீங்கள், அதனுடன் வரும் ஒளிப்படத்தை மட்டும் கைபேசி எடுத்துத் தந்த கோலத்திலேயே தளத்தில் ஏற்றிவிடுகிறீர்கள். அண்மையில் பேருந்தில் அமர்ந்து ஒரு நேர்காணலைப் படிக்க முயன்றேன். எழுத்துகள் உடனே வந்துவிட்டன. ஆனால் முகப்புப் படம் மெல்ல மெல்ல இறங்கியதில், படித்துக்கொண்டிருந்த வரி இரண்டு முறை கண்ணை விட்டு நழுவிப்போயிற்று. வீட்டுக்கு வந்து பார்த்தேன். படத்தின் அளவு 4000க்கு 3000 பிக்ஸல், எடை 4 மெகாபைட். பக்கத்தில் அதற்கு ஒதுக்கப்பட்டிருந்த அகலமோ வெறும் 800 பிக்ஸல்.

பக்க வடிவமைப்பில் படத்தைச் சிறிதாகக் காட்டினால் கோப்பும் சிறிதாகிவிடும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அப்படி ஆவதில்லை, முழுக்கோப்பையும் இறக்கித்தான் உலாவி அதைச் சுருக்கிக் காட்டுகிறது. நொடிக்கு 2 மெகாபிட் (8 மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட்) மட்டுமே கிடைக்கும் இணைப்பில் அந்த ஒரு படத்துக்கே 16 நொடி போய்விடும். அதோடும் முடிவதில்லை. இறங்கிய படத்தை உலாவி விரிக்கும்போது பிக்ஸலுக்கு 4 பைட் வீதம் நினைவகம் வேண்டும் என்பதால், 1.2 கோடி பிக்ஸல் கொண்ட படம் ஏறத்தாழ 48 மெகாபைட்டைப் பிடித்துக்கொள்கிறது. நீள அகலத்தைக் குறைக்காமல் கோப்பை மட்டும் எவ்வளவு அழுத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே முதலில் நீள அகலத்தைக் குறைத்து, அதன் பின்னரே தரத்தைக் குறைத்துச் சேமிக்க வேண்டும். கூர்மையான திரைகளுக்காக இரு மடங்கு வைத்துக்கொண்டாலும் 1600 பிக்ஸல் அகலம் தாராளம். அப்போதே பிக்ஸல்களின் எண்ணிக்கை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும்.

இதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை, ஜிம்ப் (GIMP) என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள் போதும். ஒளிப்படத்தை நூற்றுக்கு 75 முதல் 80 வரையிலான தரத்தில் ஜேபெக் (JPEG) கோப்பாகச் சேமித்தால், கண்ணுக்கு வேறுபாடு அனேகமாகத் தெரியாது. கூகுள் 2010இல் அறிமுகப்படுத்திய வெப்பி (WebP) வடிவம் பெரும்பாலும் அதைவிடச் சிறிய கோப்பைத் தரும். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளும் 2021இல் வந்த 5.8ஆம் பதிப்பிலிருந்து அதை ஏற்கிறது. மூலப்படத்தை அழித்துவிடாமல் உங்களிடமே வைத்திருங்கள், ஏனெனில் ஜேபெக்கைத் திறந்து திருத்தி மீண்டும் மீண்டும் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் சற்றுத் தேயும். கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூட ஒளிந்திருக்கலாம் என்பதால், சேமிக்கும்போது அந்தத் தகவலையும் நீக்கிவிடுங்கள்; தம் வீட்டு முற்றத்தில் நின்று படம் எடுத்து அனுப்பும் எழுத்தாளருக்கு நீங்கள் செய்யும் மரியாதை அது.

இதைவிட என்னை வருத்துவது கவிதைகளைப் படமாக வெளியிடும் வழக்கம். இணையத்தில் வழங்கும் ஒருங்குறி (யுடிஎஃப்-8) முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்தான். இருபது வரிக் கவிதை இரண்டு மூன்று கிலோபைட்டில் அடங்கும். அதையே வண்ணப் பின்னணியில் படமாக்கினால் எடை பல மடங்கு ஏறுகிறது, தேடுபொறிக்கு அகப்படுவதில்லை, பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கு அங்கே எழுத்தே இல்லை. ஜேபெக்காக அழுத்தியிருந்தால் எழுத்தின் ஓரமெங்கும் அழுக்குப் படிந்ததுபோல் கலங்கி, சிறிய எழுத்துகளில் புள்ளி கரைந்து மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடுகிறது. நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட ஒற்று அங்கேதான் தொலைகிறது! கோட்டோவியமாக இருந்தால் பிஎன்ஜி (PNG) வடிவில் இடுங்கள். கவிதையை எழுத்தாகவே இடுங்கள்.

உங்கள் தளத்தை அமைத்துத் தருபவரிடம் இரண்டு கோரிக்கைகளைச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்தின் அகலமும் உயரமும் நிரலில் குறிக்கப்பட வேண்டும். அப்போதுதான் உலாவி இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி, வரிகள் நழுவாமல் காக்கும். கீழே உள்ள படங்கள் வாசகர் நெருங்கும்போது இறங்கினால் போதும், ஆனால் முகப்புப் படத்துக்கு அந்தத் தாமதம் கூடாது.

பழைய இதழ்கள் அனைத்தையும் இப்போதே திருத்துங்கள் என்று கேட்கவில்லை. அடுத்த இதழின் முகப்புப் படத்திலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
கைபேசியில் படிக்கும் வாசகர் ஒருவர்