நன்றி மடல்: மைட்ரல் வால்வு மாற்றுச் சத்திரசிகிச்சைக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள தோட்டத்து உறவுகளுக்கும், ஹட்டன் டவுன் ஆட்களுக்கும், கண்டியில் கவனித்த அனைவருக்கும்,

எங்கள் வீட்டு மகளுக்குக் கண்டி பெரியாஸ்பத்திரியில் இதயத்தின் இடப்பக்கம் இருக்கும் மைட்ரல் வால்வை எடுத்து, இயந்திர வால்வு வைத்து மூன்று மாதம் முடிந்துவிட்டது. நெஞ்செலும்பு கூடிவிட்டது. இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண், வேண்டிய அளவான 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்கிறது. வீடு வீடாய் வந்து சொல்ல வேண்டிய நன்றியை எழுத்தில் சொல்கிறோம். யார் என்ன செய்தீர்கள், அது ஏன் உதவியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். இதே வருத்தத்தோடு இன்னொரு லயத்தில் யாராவது மூச்சு வாங்கிக்கொண்டு இருக்கலாம்.

முதல் நன்றி தோட்ட டிஸ்பென்சரி ஐயாவுக்கு. மேடு ஏறினால் இளைப்பு, படுத்தால் இருமல், இரண்டு மூன்று தலையணை அடுக்கினால்தான் தூக்கம், பின்னேரமானால் கால் வீக்கம். குளிருக்கு வந்த தொய்வு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் தொண்டை நோவும், மூட்டுக்கு மூட்டு மாறி மாறி வீக்கமும் வந்ததா என்று கேட்டார். இதயத்தைப் படம் பிடித்துப் பார்க்கும் எக்கோ ஸ்கேனுக்கு வழி விட்டது அந்தக் கேள்விதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணை அரைகுறை மருந்தோடு விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் வாதக் காய்ச்சல் வரும். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள். மூட்டு வலி தானாக ஆறிவிடும். வால்வில் விழுந்த தழும்பு ஆறாது, வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிற இடத்தில் இந்தக் கிருமி தாவ எத்தனை நேரம் வேண்டும்? தொண்டைக்குத் தந்த பென்சிலினைப் பத்து நாளும் முடியுங்கள். மூன்றாம் நாள் பிள்ளை ஓடியாடினாலும் முடியுங்கள்.

பல் டொக்டருக்கு நன்றி. இருதய ஆப்பரேஷனுக்குப் பல் எதற்கு என்று பலரும் கேட்டீர்கள். ஈறில் இருக்கும் கிருமி இரத்தத்தில் கலந்து புது வால்வில் ஒட்டினால், அது வால்வையே அரித்துவிடும். அதனால்தான் சொத்தைப் பல்லை முன்கூட்டியே எடுத்தார்கள். இனிமேலும் பல் பிடுங்குவதென்றால், வால்வு வைத்தவர் என்று முதலில் சொல்லி, ஒரு மணித்தியாலத்துக்கு முன் அன்டிபயோட்டிக் குடிக்க வேண்டும்.

இரத்தம் கொடுக்க வந்த தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும். நீங்கள் கொடுத்தது நேரே நம் ஆளுக்கு ஏறவில்லை, வங்கிக்குப் போனது. அங்கிருந்து பொருத்தம் பார்த்த இரத்தம் வந்தது. முறையே அதுதான். அடுத்த தடவைக்கு நாலு மாதம் இடைவெளி விடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்ட அக்காமாருக்கும் அதே நன்றி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அப்படியே விட்டுவிடாமல் டிஸ்பென்சரியில் காட்டுங்கள்.

சத்திரசிகிச்சை நடந்த அறைக்குள் நாங்கள் போகவில்லை, அதனால் பெரிதாகச் சொல்ல வரவில்லை. இதயத்தை நிறுத்திவைத்து, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு மெஷினிடம் கொடுத்து, வால்வைத் தைத்து, பிளந்த நெஞ்செலும்பை உருக்குக் கம்பியால் கட்டினார்கள். அந்தக் கைகளுக்கு என்ன சொல்வது! ஐ.சி.யூ. மிஸிமாருக்கும் பிசியோதெரபி மிஸ்ஸுக்கும் தனி நன்றி. நோவுக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தங்கி நிமோனியாவாகிவிடும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமவும், பக்கவாட்டில் திரும்பிக் காலைக் கீழே விட்டு, கையை ஊன்றாமல் எழும்பவும் பழக்கினார்கள்.

வேன் ஓட்டிய அண்ணன் கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வளைவுகளில் மாட்டுவண்டி வேகத்தில் வந்தார். பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் தலையணை வைத்தார். மணிக்கொரு தடவை நிறுத்தி நடக்கவிட்டார், காலில் இரத்தம் உறையாமல் இருக்க.

பக்கத்துக் காம்பரா ஆட்கள் பீலியிலிருந்து தண்ணி கொண்டுவந்து தந்தது எளிய உதவி இல்லை. 10 லீற்றர் வாளி 10 கிலோ. எலும்பு கூடும்வரை 5 கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது. தூக்கினால் கம்பி தளர்ந்து, மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் 'கிளிக்' என்று எலும்பு உரசும். அடுப்புப் புகை படாமல் கட்டிலை முன் காம்பராவுக்கு மாற்றியதும், கட்டில் காலுக்குக் கட்டை வைத்து உயர்த்தியதும் நீங்கள்தான்.

வாபரின் மாத்திரையோடு வாழப் பழக்கியவர்களுக்குத்தான் மிச்ச நன்றியெல்லாம். இயந்திர வால்வில் இரத்தம் கட்டியாகாமல் இருக்க இது ஆயுள் முழுக்க வேண்டும். தினமும் ஒரே நேரம், பின்னேரம் ஆறு மணி. மாத்திரையை நிறம் பார்த்து எடுக்காமல் மில்லிகிராம் பார்த்து எடுக்க வேண்டும், கம்பெனி மாறினால் நிறமும் மாறலாம். ஒரு வேளை மறந்தால் அடுத்த நாள் இரண்டாகக் குடிக்கக் கூடாது. "கீரையே ஆகாது" என்று சொன்னவர்களைத் திருத்திய சின்னம்மாவுக்கு நன்றி. வல்லாரை, முருங்கைக்கீரையில் வைட்டமின் கே அதிகம், அது மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். ஒரு கிழமை கட்டுக்கட்டாகத் தின்று மறு கிழமை விட்டால்தான் ஐ.என்.ஆர். எண் ஆடும். அளவாக ஒரே மாதிரி சாப்பிடலாம். தேத்தண்ணிக்குத் தடையில்லை. கசாயத்தைக் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தந்த பெரியம்மாவுக்கும், வாபரினோடு சேர்ந்தால் இரத்தம் கசியலாம் என்று கால் வலிக்கு டைக்குளோபினாக் மாத்திரை தர மறுத்த பாமசிக்காரருக்கும் கும்பிடு.

இரத்தம் எடுக்கும் தம்பி, நீல மூடிக் குழாயைக் கோடு வரை நிரப்பாமல் விடமாட்டார். உள்ளே இருக்கும் திரவம் ஒன்றுக்கு இரத்தம் ஒன்பது என்பது கணக்கு. குறைந்தால் ஐ.என்.ஆர். பொய்யாக உயர்ந்து காட்டும்; அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் வால்வில் இரத்தம் கட்டும்.

மலையில் அட்டை கடித்தால் சும்மாவே இரத்தம் நிற்காது, வாபரினோடு கேட்கவே வேண்டாம். துணியை மடித்துப் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும். கறுப்பாக மலம் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ, இரவில் கேட்கும் வால்வின் 'டிக் டிக்' மங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

குடும்ப நல மாது அம்மா, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வாபரின் சிசுவைப் பாதிக்கலாம், அதனால் பிள்ளை வேண்டுமென்றால் முன்பே கிளினிக்கில் பேசச் சொன்னார். யாரும் வாய் திறக்காத விஷயம் அது. கொழுந்துக் கூடை இல்லாத வேலைக்கு மாற்றித் தந்த கணக்கப்பிள்ளை ஐயாவுக்கும் நன்றி.

கண்டி கிளினிக்குக்கு மாதம் ஒரு தடவை வேன் போகிறது. இரண்டு இடம் இருக்கும். போக வேண்டியவர்கள் முந்தின நாள் பின்னேரத்துக்குள் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் குடிக்கிற மாத்திரையையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டார்