வெளிநாடு கிளம்புகிறீர்களா? பவர் பேங்க் வாங்குமுன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

லீவு வந்தால் போதும், சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று கிளம்புகிறவர்கள் கடைக்கு வந்து கேட்பது ஒன்றுதான்: "இருக்கிறதுலயே பெரிய பவர் பேங்க் எடுங்க." பெரியதை விற்றால் எங்களுக்கு லாபம்தான். ஆனால் அதை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுப் போக நேர்ந்தால் எங்களைத்தானே திட்டுவீர்கள்?

விமான நிறுவனங்களின் கணக்கு பவர் பேங்கில் பெரிதாகப் போட்டிருக்கும் எம்.ஏ.எச். (mAh) அல்ல, உள்ளே எவ்வளவு மின்சக்தி அடங்கும் என்று சொல்லும் வாட்-அவர் (Wh). 100 வாட்-அவர் வரை முன் அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வாங்க வேண்டும். 160-ஐத் தாண்டினால் பயணி கொண்டுபோகவே முடியாது. எம்.ஏ.எச். எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-அவர் வந்துவிடும். 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74. 30,000 வாங்கினால் 111, அங்கேதான் வம்பு.

பவர் பேங்கின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து இருக்கும். இந்த எண்கள் அதில்தான் இருக்கின்றன. ஸ்டிக்கர் ஒட்டி மறைக்காதீர்கள். எழுத்து அழிந்த பழையதைக் கொண்டுபோனால் செக்கிங்கில் எடுத்து வைத்துவிடலாம். அதே இடத்தில் 10,000-க்குக் கீழே 6,000 சொச்சம் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். ஏமாற்று வேலையோ என்று கேட்பார்கள். இல்லை. உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். வோல்ட்டை ஏற்றித் தரும்போது எம்.ஏ.எச். எண் குறையும், கொஞ்சம் சூடாகவும் வீணாகும். இந்த 10,000-இல் 5,000 எம்.ஏ.எச். போனுக்கு ஒன்றேகால், ஒன்றரை தடவை சார்ஜ் ஏறும்.

நடைபாதையில் 50,000 என்று அச்சடித்து மலிவாக விற்கிறார்களே, அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 185 வாட்-அவர். எண் நிஜமென்றால் விமானத்தில் ஏற்ற முடியாது, பொய்யென்றால் எதற்கு வாங்குவது? பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாததைத் தொடவே வேண்டாம்.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில், ஹாங்காங் கிளம்பவிருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அதன் பிறகு கெடுபிடி கூடிவிட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கில் சார்ஜ் போட விடுவதில்லை. எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டது, அதையும் பறக்கும்போது பயன்படுத்தக் கூடாது. சீனாவில் சரக்கு எடுக்கப் போகிற வியாபாரிகள் கவனிக்க: அங்கே உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனப் பாதுகாப்பு முத்திரை இல்லாத பவர் பேங்க் ஏறாது. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்பும் வாரத்தில் உங்கள் விமான நிறுவனத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆக, பறக்கும்போது உதவாத ஒன்றுக்கு எதற்கு அவ்வளவு கனம்? இறங்கிய பிறகு டாக்ஸி பிடிக்கவும் வழி பார்க்கவும் வீட்டுக்குப் பேசவும் போன் உயிரோடு இருந்தால் போதும். அதற்கு 20 வாட் டைப்-சி உள்ள 10,000 தாராளம். லேப்டாப்போடு போகிறவர்களுக்கு மட்டும் 20,000, அதுவும் 45 வாட்டாவது தருவதாக இருக்க வேண்டும். பழைய 10 வாட் சார்ஜரில் 20,000 நிறைய ஒரு ராத்திரி போய்விடும், முந்தின நாளே போட்டுவிடுங்கள்.

பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. இடமில்லை என்று விமான வாசலில் கைப்பையைக் கேட்டு வாங்கினால், பவர் பேங்கை வெளியே எடுத்துக்கொண்டு பையைக் கொடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், சிங்கப்பூர், மலேசியா, துபாய் மூன்றிலும் பட்டையான மூன்று முள் பிளக். நம்ம ஊர் உருண்டை முள் அதில் போகாது. மீதமாகும் காசில் ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பவர் பேங்க் இருந்தால் கடைக்கு எடுத்து வாருங்கள். விமானத்துக்கு ஆகுமா என்று பார்த்துச் சொல்கிறோம், காசு வேண்டாம். உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கடையிலிருந்து