ஐஸ்கிரீமை விடுங்கள், குழாயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐஸ்கிரீமில் ஸ்டெபிலைசர் கலக்கிறார்கள், உஷார் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு எங்கள் ஸ்ரீராமபுரம் பக்கம் ரெண்டு மூணு வீட்டில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீமையே நிறுத்திவிட்டார்கள். சர்க்கரைக்காக நிறுத்தியிருந்தால் நானும் சரி என்றிருப்பேன். ஐஸ்கிரீம் டப்பாவின் பின்னால் ஸ்டெபிலைசர் 412 என்று இருப்பது கொத்தவரை இனத்து விதையிலிருந்து எடுக்கிற பிசின், 407 கடல்பாசியிலிருந்து வருவது. கரண்ட் போய்ப் போய் வரும்போது ஐஸ்கிரீம் லேசாக இளகி மறுபடி உறையும், அப்போது அதிலுள்ள தண்ணீர் பெரிய பெரிய துகளாகத் திரண்டு நாக்கில் நறநறவென்று படும். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகத்தான் இதைப் போடுகிறார்கள், அதுவும் ரொம்பக் கொஞ்சம்.

நான் குழாய் சாமான் விற்கிற கடையில் இருப்பவன். பயப்பட வேண்டிய ஸ்டெபிலைசர் ஒன்று என் கல்லாவுக்குப் பின்னாலேயே அடுக்கியிருக்கிறது, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பி.வி.சி. பிளாஸ்டிக்கை உருக்கிக் குழாயாக இழுக்கும்போது அந்தச் சூட்டில் அது சிதைய ஆரம்பித்து அமில வாயுவை வெளியே விடும், அதைத் தடுக்க ஒரு ஸ்டெபிலைசர் சேர்த்தே ஆகவேண்டும். இதற்கு ரொம்ப காலமாகப் போட்டது ஈயக் கலவை, ஏனென்றால் விலை மலிவு, வேலையும் நன்றாகச் செய்யும். ஆனால் அந்த ஈயம் குழாயின் உள்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிற பொருள் அது, இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழாய்களில் இதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-ல்தான் தனி விதி கொண்டுவந்தது. இப்போது அந்த இடத்தில் கால்சியம்-துத்தநாகக் கலவை போன்றவை வருகின்றன. ஆனால் அதற்கு முன் கட்டிய வீடுகளின் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று யார் பார்த்தது? கடைக்கு வருகிறவர்கள் பிரஷர் எவ்வளவு தாங்கும், எவ்வளவு தள்ளுபடி என்று கேட்பார்கள், ஈயம் இல்லாததா என்று கேட்பவர் அபூர்வம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கவேண்டாம், ஈயம் ஆவியாகிப் போகாது. ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் குடிக்கப் பிடிக்காமல் வாசல் தெளிக்க விட்டுவிடலாம்.

இன்னொன்று. ஸ்டெபிலைசர் என்றாலே விஷம் என்கிற மாதிரி தலைப்பு போட்டால், மனநலத்துக்காக மூட் ஸ்டெபிலைசர் சாப்பிடுகிறவர் வீட்டில் என்ன ஆகும்? லித்தியம் அப்படிப்பட்ட மாத்திரைதான். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து, சிறுநீரகம், தைராய்டு எல்லாம் சோதித்துத்தான் கொடுக்கிறார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிற ஊரில் வருகிற பத்திரிகை இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஸ்டெபிலைசர் இல்லாததையே வாங்குங்கள் என்று கட்டுரையாளர் முடிக்கிறார். இதையே ஏ.சி. கடையிலும் சொல்லி விற்கிறார்கள். இன்வெர்ட்டர் ஏ.சி.யில், வோல்டேஜ் ஏறி இறங்குவதைச் சமாளிக்கிற வேலையை உள்ளே இருக்கிற சர்க்யூட்டே பார்த்துக்கொள்கிறது, அதுவும் குறிப்பிட்ட வோல்டேஜுக்குள்தான், அட்டையில் போட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள். பழைய வகைக்கு வெளியே ஒரு பெட்டி வேண்டும். அதன் மூடியைத் திறந்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் தானாக மாறுகிற சில சுவிட்சுகளும் (ரிலே)தான் இருக்கும், வோல்டேஜ் இறங்கினால் டக்கென்று சத்தத்தோடு டிரான்ஸ்ஃபார்மரின் வேறு முனைக்கு மாறும். இடி விழுந்தால் அது காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். இவ்வளவு ஏன், நம் ஊர் எச்.ஏ.எல். செய்கிற தேஜஸ் போர் விமானத்துக்கு, தேவனஹள்ளியில் ஏறி இறங்குகிற பயணிகள் விமானங்களுக்கு இருப்பதுபோல் வால்பக்கத்தில் விமானத்தை ஆடாமல் பிடிக்கிற கிடைமட்ட ஸ்டெபிலைசர் கிடையாது. ஆனால் அதற்குப் பதிலாக கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியும் விமானத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும், அது நின்றால் விமானி என்ன திறமைசாலியாக இருந்தாலும் ஓட்ட முடியாது.

அடுத்த இணைப்பில் பழைய வீட்டுக் குழாய்த் தண்ணீரில் ஈயத்தை எப்படிச் சோதிப்பது, எந்த லேபில் கொடுப்பது, எவ்வளவு செலவாகும் என்று விசாரித்து ஒரு அரைப்பக்கம் போடுங்கள். கன்னடத்தில் இருக்கிற குடிநீர் வாரிய அறிவிப்புகளையும் தமிழில் தந்தால் எங்கள் தெருவில் நிறையப் பேருக்கு உதவும்.

இப்படிக்கு,
குழாய்க்கடை வாசகர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு