சிறப்புப் பள்ளிக்கு வரும் புதியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். மாற்றுத்திறனாளி மாணவர்கள் படிக்கும் நம் அரசு சிறப்பு உயர்நிலைப் பள்ளிக்கு உதவ வருகிறவர்களே, அங்கே படிப்பவர்கள் வளர்ந்த பிள்ளைகள், தயவுசெய்து குழந்தையிடம் கொஞ்சுவதுபோல் பேசாதீர்கள். பக்கத்தில் நிற்கும் ஆசிரியரை விட்டுவிட்டு மாணவரையே பார்த்துக் கேளுங்கள், அப்புறம் பத்து நொடியாவது பொறுங்கள், கேட்டதை உள்வாங்கிப் பதிலை வெளியே கொண்டுவரப் பலருக்கு அவ்வளவு நேரம் வேண்டும், அதற்குள் மறுபடி கேட்டால் பாவம், முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். படப் பலகையோ டேப்லெட்டோ வைத்துப் பேசுகிறவருக்கு அதுதான் குரல், விளையாட்டுக்குக்கூட எடுக்கக் கூடாது. சக்கர நாற்காலியையும் கேட்காமல் தள்ளாதீர்கள். நாம் செய்வது தர்மம் இல்லை, ஐ.நா.வின் 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 24ஆம் பிரிவில், கல்வியை அவர்கள் உரிமை என்றே சொல்கிறது. வர முடியாவிட்டால் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், திடீர் மாற்றம் சிலரை அன்று முழுக்கக் கலங்கடித்துவிடும்.