செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களே, தோட்டத்துப் பெரியவர்களே, மாதர் சங்கத்து அக்காமாரே, தம்பி தங்கச்சிமாரே, வணக்கம்.

நம் சங்கத்தின் நிர்வாகக் குழு ஜூன் தவிர எல்லா மாதமும் கூடியது. ஜூனில் கோயில் மண்டபத்துக்குள்ளேயே தண்ணீர் நின்றது. கூட்டக் குறிப்புக் கொப்பி மேசையில் இருக்கிறது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

மே மாதக் காற்றில் மேல் பிரிவு லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) தொங்கல் காம்பரா, அதாவது கடைசி அறை, கூரை பறந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அதில் ஏழு பேர். தகரத்தின் மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்துத்தான் இத்தனை வருஷம் சமாளித்தார்கள். சங்கம் எட்டுத் தகரம் வாங்கிக் கொடுத்தது, பொடியன்மார் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அடித்து முடித்தார்கள். இதைச் சாதனை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சுவர் வெள்ளைக்காரத் துரை காலத்துச் சுவர், போன வருஷத்தைவிட வெடிப்பு பெரிதாகியிருக்கிறது.

2017இல் மலையகத்து நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீட்டுத் திட்டத்துக்கு இந்த ஆண்டு பெப்ரவரியில்தான் அடிக்கல் நட்டார்கள். எங்கள் தோட்டம் முதற்கட்டத்தில் இல்லை. வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி வீதம் பிரிக்கலாம் என்று நமக்குக் காட்டப்பட்ட இடம் ஓடைக்கு மேலே உள்ள சரிவு. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவில் லயத்தோடு மனிதர்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். "கிடைப்பதையும் கெடுக்கிறீர்கள்" என்று சிலர் கோபித்தார்கள், கோபம் நியாயமானதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்ணைப் பார்த்துச் சரி சொல்லட்டும், அப்புறம் பேசலாம் என்பதே குழுவின் முடிவு.

கீழ்ப் பிரிவில் முன்பு கட்டிய வீடுகளுக்குச் சாவி கிடைத்தது, காணி உறுதிப் பத்திரம் இன்னும் கிடைக்கவில்லை. உறுதி இல்லாமல் வங்கியில் கடன் கேட்க முடியாது. தோட்டத்தில் பெயர் பதிந்த ஆள் ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற பயமும் போகவில்லை. பிரதேச செயலகத்துக்கு மூன்று முறை போய் வந்தோம்.

இந்த ஆண்டில் எனக்குப் பிடித்த வேலை கதவு இலக்கம். ஒரு தங்கச்சிக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் வேறொரு மேசையில் கிடந்து, தேர்வு முடிந்து நான்காம் நாள்தான் அவள் கையில் கிடைத்தது. லயம் முழுவதற்கும் ஒரே முகவரி என்றால் வேறென்ன நடக்கும்? பெயின்ட் டப்பாவோடு இறங்கி ஒவ்வொரு கதவிலும் இலக்கம் எழுதினோம், பட்டியலைத் தபாலகத்தில் கொடுத்தோம். கடிதங்கள் இப்போது கோயில் சந்திப் பெட்டிக்கு வருகின்றன.

பிழைப்பைப் பற்றி. செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என வர்த்தமானியில் வந்தது. 2021 முதல் அதுவரை 1,000 ரூபாய்தான். ஆனால் பறிக்கும் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், அது மாறவில்லை. சங்கச் சுழற்சிக் கடனில் ஐந்து குடும்பம் கறவை மாடு வாங்கியது. நால்வர் பால் காசில் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். ஐந்தாவது மாடு கன்றோடு செத்தது. அந்த அக்காவுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்ததில் குழுவுக்குள் சண்டை வந்தது, கொடுத்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். போஞ்சிப் பாத்திகளைக் காட்டுப் பன்றி முடித்துவிட்டது, வேலிக்குக் காசில்லை. செவ்வாய்க்கிழமைகளில் நுண்கடன்காரர் வரும்போது சாத்தப்படும் கதவுகளுக்கு நம்மிடம் இன்னும் பதில் இல்லை.

கொழும்புக் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு வந்தபோது சேர்த்துக் கொடுத்த பணத்தில்தான் பெயின்ட் கடன் தீர்ந்தது. நன்றி.

காணி உறுதி விண்ணப்பத்துக்கு அடையாள அட்டைப் பிரதி தராதவர்கள், நாளைக் காலை பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிப்பதற்கு) முன் என் வீட்டில் கொடுங்கள். கதவு இலக்கம் 14.

செயலாளர்